‘வெற்றுக் காணி’ என்று எழுதப்படும் தரவைகள்

திருகோணமலையில் கோல்ஃப் மைதானம் கட்டக் காணி கேட்டு வரும் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் கண்டவுடன் நிதானிக்க வேண்டிய சொல் ‘வெற்றுக் காணி’. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் போய் நின்றால் அந்தச் சொல் சரியென்றே தோன்றும். காய்ந்த புல், பற்றைக்காடு, மணல், அப்பால் கடல். அதே தரவையை, அதாவது அந்தப் புல்வெளியை, மார்கழியில் பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்கும், மாடுகள் மேட்டில் ஏறி நிற்கும். கோல்ஃப் மைதானத்துக்கென்று கேட்கப்படும் நிலம் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். ஒரு பருவத்தில் மட்டும் களம் பார்த்து அறிக்கை எழுதினால், மேய்ச்சல் தரையும் வெள்ளம் வடியும் வழியும் வரைபடத்தில் இல்லாமல் போய்விடும்.

காடாய்த் தெரிவதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத காடும் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரம் (அரச காணியைப் பயன்படுத்தும் அனுமதி) பெற்றுத் தோட்டம் செய்த குடும்பங்கள் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தன. பத்திரம் தொலைந்தது, வேலி விழுந்தது, நிலத்தைப் பற்றை மூடியது. அளவைப் படத்தை மட்டும் பார்த்தால் அங்கே ஆள் வாழ்ந்த அடையாளமே தெரியாது. பிரதேச செயலகத்துப் பழைய காணிப் பேரேட்டைத் துண்டு துண்டாக ஒப்பிட வேண்டும். கிராம உத்தியோகத்தரோடு நடந்து பழைய கிணற்றுக் கட்டு, தென்னை வரிசை, கோயில் மேடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கடற்கரைப் பக்கமென்றால் கரைவலைப் பாடுகளையும், அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடங்களையும், குறிக்க வேண்டும். பாட்டுக்கு வலை இழுக்கும் மணல் மட்டும் போதாது, அதற்கு வரும் பாதையும் வள்ளம் ஏற்றும் இடமும் அதில் சேர்த்தி. எல்லைவேலி இந்தப் பாதையை மறித்தால் தொழில் நின்றுவிடும். காணி உறுதிப் பத்திரத்தில் பாட்டுக்குப் பெயர் இருக்காது என்பதால் இதைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

சட்டத்தின் எல்லைக்கோடுகள் தெளிவானவை. 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி 99 அறைகளை அல்லது 40 ஹெக்டேயரைத் தாண்டும் விடுதி, பொழுதுபோக்குத் திட்டங்கள் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினாலும், நான்கு ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்பினாலும் அதே கதைதான். 18 குழி மைதானத்துக்குக் குறைந்தது 50 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 125 ஏக்கர் வேண்டும். ஆகவே அது இந்த வலைக்குள் வந்தே தீரும். தப்பும் வழி, திட்டத்தைக் கட்டம் கட்டமாக உடைப்பது: முதலில் ஒன்பது குழி, 28 ஹெக்டேயர், 60 அறை, மிச்சம் பிறகு. நீர்க்குழாயின் விட்டத்தையும் பம்பி நிலையத்தின் கொள்ளளவையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒன்பது குழிக்கு அவ்வளவு பெரிய குழாய் எதற்கு என்று எழுத்தில் கேட்க வேண்டும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்கு 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறு அனுமதி. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தம்பலகாமத்துப் பக்கம் போல வயலும் தரவையும் பின்னிக் கிடக்கும் இடங்களில் இதைச் சாதாரண விடயமாக எடுக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும், முடிவைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர்தான் என்பதே இந்த வேலை கற்றுத்தந்த பாடம். கணக்கு எளிது. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் விட 10 கன மீற்றர் தேவை. எங்கள் கோடை வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றராவது ஆவியாகும். சிக்கனமாக வரைந்த மைதானத்திலும் பாய்ச்ச வேண்டிய புல் 25 ஹெக்டேயர் என்று வைத்தால் நாளுக்கு 1,250 கன மீற்றர். ஓர் ஆளுக்கு 120 லீற்றர் என்று கணக்கிட்டால் பத்தாயிரம் பேருக்கு மேல் குடித்துக் குளிக்கும் தண்ணீர் அது.

விண்ணப்பங்களில் இதற்குச் சொல்லப்படும் பதில், மாரி மழையைத் தேக்குவோம் என்பது. நல்ல எண்ணந்தான், அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு ஏக்கர் குளம், மூன்று மீற்றர் ஆழமென்றால் கொள்ளளவு சுமார் 24,000 கன மீற்றர். பத்தொன்பது நாளில் வற்றிவிடும். 120 நாள் தாக்குப்பிடிக்க 1,50,000 கன மீற்றர் வேண்டும். அந்த நாட்களில் குளத்திலிருந்தே 60 சென்ரிமீற்றர் ஆவியாகிப் போகும் என்பதால் குளத்தின் பரப்பு 15 ஏக்கரைத் தாண்டும். அடியோ மணல், தடித்த பிளாஸ்ரிக் விரிப்புப் போடாமல் தண்ணீர் நிற்காது. இந்தக் குளம் வரைபடத்தில் இல்லையென்றால் தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படப் போகிறது என்றே பொருள்.

நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகளில் இருப்பது உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதே கணக்குத்தான் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். தொடர்ந்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் நான்கு மீற்றர் ஏறும். வெங்காயம் போட்டவரின் கிணறு உவராகும்போது அதற்குக் காரணமான பம்பி அரை மைல் தள்ளி இருக்கும்.

உப்பைத் தாங்கும் கடலோரப் பஸ்பாலம் புல்லைப் போடுகிறோம், நன்னீர் வேண்டாம் என்றும் சொல்லப்படும். அந்தப் புல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், அதைக் கழுவ மேலும் தண்ணீர் விட வேண்டும், கழுவிய உப்பு அயல் கிணற்றுப் பக்கம் இறங்கும். மைதானங்களில் அதிகம் பயன்படும் பெர்முடா புல் நம்முடைய அருகம்புல்லின் இனம். அது வரட்சிக்கு உயிர் விடாது, நிறம் மட்டும் மங்கும். ஆட்டப் பாதைகளுக்கு வெளியே கோடையில் புல் பழுப்பாக இருக்கும் என்று நிறுவனம் எழுதித் தருமானால் தண்ணீர்த் தேவை பெரிதும் குறையும். எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே கோப்பில் பதிய வேண்டும்.

மணலையும் மறக்கக்கூடாது. குழி இருக்கும் பச்சைத்தளத்துக்கு அமெரிக்க கோல்ஃப் சங்க முறைப்படி அடியில் 10 சென்ரிமீற்றர் சரளை, மேலே 30 சென்ரிமீற்றர் மணற்கலவை வேண்டும். அதில் 60 சதவீதமாவது கால் மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட பருமனாய் இருக்க வேண்டும். உப்பும் சிப்பித்தூளும் கலந்த கடற்கரை மணல் இதற்கு ஆகாது. 18 தளங்களும் பயிற்சித் தளமும் சேர்ந்து ஒரு ஹெக்டேயர் என்றால் 3,000 கன மீற்றர், அதாவது ஆயிரம் கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கன அடி) மேல் ஆற்று மணல். அது மகாவலியில் அள்ளப்படுமானால் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆற்றங்கரைகளும் இந்தக் கோப்புக்குள் வந்துவிடுகின்றன.

வேகமாக வளரும் பொருளாதாரத்தில் தடை மட்டும் போதாது என்பதற்குச் சீனாவைப் பார்க்கலாம். விளைநிலத்தையும் நீரையும் காக்க 2004இல் அங்கே புதிய மைதானங்கள் தடைசெய்யப்பட்டன. அப்போது இருநூறுக்கும் குறைவாக இருந்தவை பத்தாண்டில் அறுநூறைத் தாண்டின. சூழலியல் பூங்கா, விளையாட்டுப் பயிற்சி நிலையம் என்று வேறு பெயர்களில் கட்டினார்கள். உள்ளூர் அரசுகள் காணிக் குத்தகை வருமானத்தில் தங்கியிருந்ததால் கண்டுகொள்ளவில்லை. 2017இல் 683 மைதானங்களை ஆராய்ந்து 111ஐ மூடினார்கள். அதற்குள் மண் புரட்டப்பட்டுவிட்டது. மைதானத்தைச் சுற்றிய வீடுகளின் விற்பனைதான் பல இடங்களில் இலாபம் தந்தது. அதனால் இங்கும் வில்லாத் துண்டுகள் எத்தனை என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அனுமதி கொடுப்பதென்று முடிவானால் ஒரு நிபந்தனையை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. வேலை தொடங்குவதற்கு முன் ஓராண்டு முழுவதும், மாதத்துக்கொரு முறை, சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றையும் அளந்து, அந்த அளவுகளைக் கிணற்றுக்காரர் கையிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இந்த முதலாண்டு அளவு இல்லாவிட்டால், பின்னாளில் கிணறு உவராகும்போது அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். மறுத்துக் காட்ட ஊரிடம் ஒரு தாளும் இருக்காது.