ட்ரெய்னிங் குடுத்தாங்க சரி, சம்பளம்?

கம்பெனி செலவுல ட்ரெய்னிங் அனுப்புனா அடுத்த இன்க்ரிமென்ட்ல காசு ஏறிடும்னு நம்ம பசங்க நிறைய பேரு நம்பிட்டு இருக்காங்க. அம்பத்தூர் பக்கம் சிஎன்சி ஷாப்ல (கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடுற மெஷின்ல பார்ட் வெட்டுற எடம்) குப்ப கொட்டுற எனக்கு தெரிஞ்சு தானா ஏறுனது ரொம்ப கம்மி, என்ன ட்ரெய்னிங்ங்கிறதுதான் மேட்டரே.

ஆபரேட்டர் என்ன பண்ணுவான், வெட்ட வேண்டிய பீஸ மெஷினோட புடியில, அதான் சக்குல, மாட்டுவான், சைக்கிள் ஸ்டார்ட்ட அமுக்குவான், பீஸ மைக்ரோமீட்டர்ல பாத்து சைஸ் ஓடுச்சுன்னா மெஷின செட் பண்ற செட்டர கூப்புடுவான். அதே ஆளுக்கு மெஷின ஓட்டுற ஃபானுக் கன்ட்ரோல்ல ஆஃப்செட் (டூலுக்கான அளவு திருத்தம்) போட, ப்ரோக்ராம் திருத்த கத்துக் குடுத்துட்டா அவனே செட்டர், ஓசூர் போனாலும் கோயம்புத்தூர் போனாலும் அதுக்கு காசு உண்டு. ஆனா எங்க கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட ஒரு வாரம் ஏசி ரூம்ல உக்கார வச்சாங்களே, (டீ மட்டும் நல்லா இருந்துச்சு) அது கம்பெனி கேட்ட தாண்டுனா எவனுக்கும் வேணாம்.

இத கேரி பெக்கர்னு ஒரு அமெரிக்க எகனாமிஸ்ட் 1964லயே பிரிச்சு எழுதிட்டாரு. எல்லா எடத்துலயும் செல்லுபடியாகுற தொழிலுக்கு முதலாளி செலவு பண்ண மாட்டான், கத்துக்கறவன்தான் கம்மி சம்பளத்துக்கு வேல பாத்து அந்த செலவ கட்டுறான்னு. நம்மூர் அப்ரண்டிஸ் ஸ்டைபண்ட பாருங்க, 2019 ரூல்ஸ்ல குறைஞ்சபட்சமா வச்சதே மாசத்துக்கு 5000ல இருந்து 9000 ரூபா தான்.

அப்புறம் வந்த அசெமோக்ளு, பிஷ்கேன்னு ரெண்டு எகனாமிஸ்ட்டுங்க ஜெர்மனிய காட்டி வேற சொன்னாங்க, அங்க முதலாளிங்களே செலவு பண்றாங்க, ஏன்னா இவனுக்கு எவ்ளோ தெரியும்னு வெளிய இருக்குற கம்பெனிக்கு சரியா தெரியாது, அதனால சம்பளத்த ரொம்ப ஏத்தாமலே ஆள வச்சுக்கலாம். இத படிச்சப்பதான் எங்க ஷாப்ல ட்ரெய்னிங் முடிச்சா சர்டிபிகேட்ட கையில குடுக்காம எச்ஆர் ஃபைல்லயே ஏன் வைக்கிறாங்கன்னு புரிஞ்சுது!

பாண்ட், அதாவது இத்தன வருஷம் இருப்பேன், முன்னாடியே போனா காசு கட்டுறேன்னு எழுதிக் குடுக்குறது, அந்த கத தனி. 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல, வேலைல சேந்து மூணு வருஷம் முடியுறதுக்கு முன்னாடி போனா 2 லட்சம் கட்டணும்ங்கிற கண்டிஷன் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எத்தன வருஷம், எவ்ளோ தொகை, சர்டிபிகேட் யாரு கையில இருக்கும், இந்த மூணையும் கேட்டுடுங்க, எச்ஆர் மூஞ்ச சுளிச்சா சுளிக்கட்டும்.