வெள்ளவத்தை மாடியில் வரிநிழல் தேடி: மூன்றாம் வார இறுதி

1944 இல் பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ திரைப்படத்தை இன்றைய கொழும்புக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு நிமிடக் குறும்படமாக எடுத்துப் பார்க்கும் முயற்சியில் நாங்கள் நால்வர் இறங்கி மூன்று வார இறுதிகள் கடந்துவிட்டன. காப்புறுதி முகவர் ஒருவர், தம் வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அவரைக் கொன்று, அவர் புகையிரதத்திலிருந்து தவறி விழுந்து இறந்ததாகக் காட்டி இரட்டிப்புத் தொகையைப் பெற முயல்வதே கதை. மூலப்படத்தில் முகவர் தம் குற்றத்தை அலுவலக ஒலிப்பதிவுக் கருவியிடம் ஒப்புக்கொள்கிறார். எங்கள் முகவர் அதையே கைபேசியில் குரல்பதிவாக அனுப்புகிறார். அந்த மாற்றத்துக்கு எங்களுக்கு ஐந்து நிமிடமும் தேவைப்படவில்லை. வெளிச்சந்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

ஒளிப்பதிவாளர் ஜோன் சைட்ஸ், சன்னல்களில் தொங்கும் கிடைப்பட்டைத் திரைகளின் (வெனீசியன் பிளைண்ட்) ஊடாக ஒளியைப் பாய்ச்சி, சுவரிலும் முகங்களிலும் வரிவரியாக நிழல் விழச் செய்திருப்பார். அதே நிழலைப் பெறுவதற்காக, கெட்டி அட்டையை நாலு சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாக வெட்டிச் சட்டத்தில் கட்டினோம். வாடகைக்கு எடுத்த எல்.ஈ.டி. விளக்குப் பலகையை அதற்குப் பின்னால் வைத்தபோது, சுவரில் ஒரு வரிகூட விழவில்லை; வெறும் சாம்பல்நிற மங்கல்தான் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே காரணம் விளங்கியது. விளக்கின் அகலம் 30 சென்ரிமீற்றர், விளக்கிலிருந்து கீற்றுக்கு ஒரு மீற்றர், கீற்றிலிருந்து சுவருக்கும் ஒரு மீற்றர் என்றால், நிழலின் ஓரம் 30 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கலங்கிவிடும். கீற்றோ நாலு சென்ரிமீற்றர்தான். ஆகவே ஒரு டோர்ச் விளக்கின் கண்ணாடியையும் உட்கிண்ணத்தையும் கழற்றி, ஒரு சென்ரிமீற்றர் அளவேயான அதன் ஒளிப்பொட்டை மூன்று மீற்றருக்கு அப்பால் வைத்தோம். கலங்கல் மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிட, கத்தியால் கீறியதுபோன்ற வரிகள் சுவரில் விழுந்த அந்த நொடியில் நால்வரும் பேச்சற்று நின்றோம்.

கூரை விளக்கை எரியவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கும் அதற்கேற்பத் துடிக்கிறது; கைபேசியை நொடிக்கு 25 சட்டகத்துக்கும் திரைமூடியை (ஷட்டர்) 1/50 நொடிக்கும் மாற்றி அதற்கு ஒத்திசைத்ததும் அவை மறைந்தன.

மூலப்படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி கதவுக் காட்சிதான். முகவரின் குடியிருப்புக்கு அந்தப் பெண் வந்து சேரும் வேளையில், உள்ளேயிருந்து காப்புறுதி நிறுவன விசாரணையாளர் வெளியே வருகிறார். அவள் திறந்த கதவின் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். அங்கே கதவு நடைவழிப் பக்கமாகத் திறக்கிறது. எங்கள் தொடர்மாடிக் கதவோ எல்லா வீட்டுக் கதவுகளையும் போல உட்பக்கமாகவே திறக்கும். அவளைப் படிக்கட்டு வளைவில் நிறுத்திப் பார்த்தோம்; மூவரும் ஒரே சட்டகத்தில் இல்லாததால் காட்சியில் உயிரில்லை. இரண்டு மாலைகள் இப்படியே போயின.

ஒளிப்பதிவைப் பார்க்கும் தம்பிதான், “அண்ணா, வெளிக் கிறில் நடைவழிப் பக்கமாத்தானே திறக்குது?” என்று கேட்டான். ஆனால் கிறில் கம்பிகளின் ஊடாக ஆள் தெரியுமே என்று நான் தயங்கினேன். அன்று மாலை கொட்டிய மழைதான் அதற்கு விடை தந்தது. பக்கத்து வீட்டு அக்கா, மகனின் மழைக்கோட்டைத் தம் வீட்டுக் கிறிலில் காயப்போட்டிருந்தார். நாங்களும் அதைப்போல ஒரு கோட்டைத் தொங்கவிட்டோம். மின்தூக்கிப் பக்கத்தில் தரையோரமாக விளக்கை வைத்தபோது, கோட்டு அவளுடைய முகத்தையும் உடலையும் மறைக்க, கீழே சேலைக் கரையிலும் செருப்பிலும் கம்பிகளின் நிழல் வரிவரியாக விழுந்தது. மின்தூக்கிக்காகக் காத்து நிற்கும் விசாரணையாளர் ஒருமுறை குனிந்தால் போதும், எல்லாம் வெளிச்சமாகிவிடும். அட்டைக் கீற்றுகளை அன்றே ஒதுக்கிவிட்டோம். கிடைப்பட்டைத் திரை நம் வீடுகளில் அபூர்வம். கிறில் இல்லாத மாடிவீட்டைத் தேடத்தான் வேண்டும். அந்த நிழல் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறது.

பதினொரு தடவை எடுத்தோம். முதல் நான்கிலும் சேலையின் சிவப்புக் கரையும் நடைவழியின் பச்சைத் தரையும் கறுப்புவெள்ளையில் ஒரே சாம்பல்நிறமாகிவிட்டதால், வெளிர்மஞ்சள் கரைச் சேலைக்கு மாறினோம். ஏழாவது தடவையில் கோட்டு நுனியிலிருந்து ஒரு துளி அவளுடைய கால்விரலில் விழ, அவள் விரலை மெல்ல உள்ளிழுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. படத்தில் அந்தத் தடவைதான் இடம்பெறும்.

இனி மிச்சமிருப்பது புகையிரதம். கால் முறிந்திருந்த கணவர் விபத்துக் காப்புறுதி இருந்தும் இழப்பீடு கோரவில்லை, ஆகவே அப்படியொரு காப்புறுதி இருப்பதே அவருக்குத் தெரியாது என்று விசாரணையாளர் ஊகிக்கும் இடம் மூலத்தின் முதுகெலும்பு. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நாள்தோறும் பார்க்கும் நமக்கு, ஒருவர் தவறி விழுந்தார் என்பதில் ஐயம் எழாது. மாவுக்கட்டுக் காலோடு ஒருவர் மிதிபலகைக்கு ஏன் வந்தார் என்பதில்தான் எழும். அந்தக் கேள்வியை எங்கள் விசாரணையாளரின் வாயில் வைத்திருக்கிறேன். புகையிரதத்தைக் காட்டப் போவதில்லை, ஒலி மட்டுந்தான். வெள்ளவத்தை நிலையத்தருகே சனிக்கிழமை பதிந்ததைக் கடற்காற்று கெடுத்துவிட்டதால், வரும் சனிக்கிழமை ஒழுங்கைக்குள், மதில் மறைவில் நின்று மீண்டும் பதியவிருக்கிறோம்.