ஜாப் ஷீட் வாங்காமல் விட்ட இரண்டு தடவை

போன வெள்ளிக்கிழமைதான் கார் புது கியர்பாக்ஸோடு வீட்டுக்கு வந்தது. வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. இதற்குள் சர்வீஸ் சென்டருக்கு ஐந்து தடவை, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போட்ட வழக்குக்காக ஈப்போவுக்கு மூன்று தடவை அலைந்திருக்கிறேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நம்மவர்கள் பலர் பாடுபட்டுச் சேர்த்த முன்பணத்தில் புதுக் கார் எடுக்கிறார்கள். நான் பட்டதை அவர்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தோட்டத்துக்கு உள்ளே. செம்பனை லாரி போகிற மண் பாதையில் ஒரு மேடு ஏறினால்தான் மெயின் ரோடு. அந்த மேட்டில் காரை நிறுத்தி மறுபடி எடுத்தால், கியர் பிடிக்காமல் இரண்டு விநாடி பின்னால் உருளும். அப்புறம் ஓர் உதை உதைத்து முன்னால் பாயும். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அதில்தான் கூட்டிப் போகிறேன். முதல் தடவை உருண்டபோது பின்னால் குலை ஏற்றிய லாரி நின்றுகொண்டிருந்தது. அம்மா பயத்தில் என் கையைப் பிடித்த இடம் இரண்டு நாள் கன்றிப் போயிருந்தது.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது நம்ம பையன்தான். "அக்கா, புது வண்டி அப்படித்தான் இருக்கும், கியர் பழகணும்" என்றான். அரை மணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். அடுத்த மாதமும் அதே கதை. ஜாப் ஷீட், அதாவது நாம் சொன்ன குறையையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதித் தரும் தாள், கேட்டேன். "சும்மா பார்த்ததுதானே அக்கா, அதுக்கெல்லாம் எதுக்கு?" என்றான். நானும் விட்டுவிட்டேன். இதில் நான் செய்த பெரிய தவறு அதுதான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தடவை அடம்பிடித்து வாங்கினேன். மூன்றிலும் ஒரே வரி: 'சோதித்ததில் குறை ஏதும் தென்படவில்லை'. அவர்கள் சோதித்தது சென்டருக்கு முன்னால் உள்ள சமதளமான ரோட்டில். மேட்டில் ஓட்டிப் பாருங்கள் என்று நான் சொன்னதைத் தாளில் யாரும் எழுதவில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். நாம் சொல்லும் குறையை நம் வார்த்தையிலேயே ஜாப் ஷீட்டில் எழுத வையுங்கள். எழுத மறுத்தால், கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நீங்களே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் சட்டம்' இருக்கிறது. அங்கே ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறையை, பொருளைக் கொடுத்தபோதே இருந்த குறையாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. நான் வழக்குப் போட்டபோது இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் நம்மால் ஒன்றும் முடியாது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. அதன் 32ஆம் பிரிவுப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். குறை இருந்தால் விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பொருளையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வாரண்டி புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வக்கீல் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வக்கீல் வைத்து வாதாட முடியாது. கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). கோரும் தொகை 50,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். என் கார் 47,800, அதனால் தப்பித்தேன். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

முதல் தடவை ஈப்போ போனது வீண். வழக்குப் போடும் படிவமான பாரம் 1-இல் எதிர்த்தரப்பின் பெயராக ஷோரூம் பலகையில் இருந்ததையே எழுதியிருந்தேன். கம்பெனியின் பதிவுப் பெயர் வேறு. அது எங்கே இருந்தது தெரியுமா? கார் வாங்கிய ரசீதின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், பதிவு எண்ணோடு. அந்த ரசீது வீட்டில் அலமாரியில் கிடந்தது. அரை நாள் லீவு போனது, அம்மாவை வேறு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பும் வழியெல்லாம் அழுகையாக வந்தது.

இரண்டாவது தடவை பதிவு முடிந்தது. முத்திரை குத்திய நகலைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

அப்புறம் ஜாப் ஷீட் இல்லாத அந்த இரண்டு நாளுக்கு என்ன செய்வது? ஃபோனைக் குடைந்தபோது அந்தப் பையனுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் கிடைத்தது: 'தம்பி, கார் ரெடியா? மேட்டுல பின்னால உருள்றது சரியாச்சா?' அவன் பதில்: 'ரெடி அக்கா. கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க.' இரண்டு தடவைக்கும் தேதியோடு இருந்தது. எல்லாம் தமிழில் இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் எழுதி இணைத்தேன். மச்சான் அந்த மேட்டில் எடுத்த வீடியோவையும் பென் டிரைவில் போட்டேன்.

பட்டணத்து வொர்க்‌ஷாப் அண்ணன் ஒருவர் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியாள் கை வைத்தால் அதையே காரணம் காட்டுவார்கள். அவர் ஸ்கேனர் மட்டும் மாட்டி, கோளாறைக் காட்டி வந்த எரர் கோடைத் தன் பில் தாளில் எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார். தாளின் ஓரத்தில் அவர் கட்டை விரல் கிரீஸ் அப்படியே பதிந்திருந்தது.

விசாரணை நாளில் தீர்ப்பாயத் தலைவர் முதலில் எங்களைச் சமரசம் பேசச் சொன்னார். பணம் முழுவதும் வேண்டும் என்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கார் வேண்டாம் என்று எப்போதாவது எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை. வாயால்தான் சொன்னேன். அதற்குள் 17,000 கிலோமீட்டர் ஓட்டியும் இருந்தேன். திருப்பிக் கொடுக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும். தீர்ப்புக்கு விட்டால் இது எனக்கு எதிராக நிற்கும் என்று புரிந்தது. மூன்றாவது தடவையும் சரியாகவில்லை என்றதும், காரணத்தைச் சொல்லி 'இந்தக் காரை நிராகரிக்கிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் மனது ஆறவில்லை.

கம்பெனி ஆள் அந்த எரர் கோடையும் வீடியோவையும் பார்த்த பிறகு பேச்சு மாறியது. புது கியர்பாக்ஸ், அதற்குத் தனியாக இரண்டு வருட வாரண்டி, அம்மாவுக்கு நான் கொடுத்த டாக்சி காசு 1,150 வெள்ளி. ஒப்புக்கொண்டேன். அதைத் தலைவர் தீர்ப்பாகவே பதிந்தார். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது கிரிமினல் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பன்னிரண்டாவது நாள் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மாதம்கூட பேங்க் தவணையை நிறுத்தவில்லை. கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணை கட்டாமல் விட்டால் பேங்க் நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுத்துக்கொண்டு போகலாம். கார் சரியில்லை என்பது அங்கே எடுபடாது.

நேற்று பின் லயத்து அண்ணன் ஒருவர் வந்தார். ஏழு மாதக் கார், ஏர்கான் நான்கு தடவை கெட்டுவிட்டதாம். ஜாப் ஷீட் இருக்கிறதா என்றேன். கடைசித் தடவைக்கு மட்டும் இருக்கிறது என்றார். உட்காருங்கள், ஃபோனைத் திறவுங்கள் என்றேன்.