புள்ளி உதிராத மூன்றாவது தகடு

ஒருவழியாக மூன்றாவது தகட்டில் எல்லாப் புள்ளியும் நின்றுவிட்டது. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1788 வாக்கில் தொடங்கிய முறையேதான்: செம்பின் மேல் வார்னிஷால் கவிதையையும் படத்தையும் சேர்த்தே எழுதி, மீதியை அமிலத்தில் அரிப்பது. அதில் தமிழ் எட்டு வரி. முதல் இரண்டு தகட்டில் 'கல்' எல்லாம் 'கல' ஆகிப்போனது.

அளவு பிளேக்கின் பாட்டுத் தகடுகளை ஒட்டி 11 x 7 செ.மீ., கனம் 18 கேஜ். அச்சில் நேராக விழத் தகட்டில் திருப்பி எழுதும் கண்ணாடி எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். வலது ஓரத்தில் தொடங்கினால் கொம்பு, எழுத்து, கால் என்ற வரிசை அப்படியே வரும். சுழிகள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும். பிளேக் எப்படி எழுதியிருப்பார் என்று அறிய, 1947இல் அச்சுக்கலைஞர் ஹெய்ட்டர், ஓவியர் மிரோ, கவிஞர் ரூத்வன் டாட் மூவரும் தாளில் நேராக எழுதித் தகட்டுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பிளேக் தகட்டிலேயே திருப்பி எழுதினார் என்பது ஆய்வாளர் விஸ்கோமியின் கட்சி. கையில் எடுத்துப் பார்த்தால் விஸ்கோமி சொல்வதுதான் சரியென்று படுகிறது. தாளிலிருந்து மாற்றும்போது பாதி வார்னிஷ் தாளிலேயே தங்கிவிடுகிறது.

வார்னிஷ் தாரும் டர்பன்டைனும் கலந்தது. தேன் பதத்தில் நூல் இழுக்கும், நல்லெண்ணெய்ப் பதம்தான் சரி. நம் வெயிலுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு டர்பன்டைன் விட வேண்டும்.

இனி புள்ளி. அமிலம் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பக்கவாட்டிலும் தின்னும். 0.25 மி.மீ. ஆழம் போனால் 1 மி.மீ. புள்ளி பாதியாகிவிடும்; அடியில் செம்பு இல்லாத வார்னிஷ் விளிம்பு உடைந்து, மிச்சமும் போகும். கோட்டுக்கு இரண்டு பக்கம்தான் ஆபத்து, புள்ளிக்கு நாலா பக்கமும். பிளேக் இந்த முறையில் அரித்த தகடுகளில் மிஞ்சியது 'அமெரிக்கா' என்ற அவர் நூலுக்கான தகட்டின் ஒரு துண்டு மட்டுமே. அதில் ஆழம் சுமார் 0.12 மி.மீ., அதுவும் இரண்டு தவணையில் அரித்தது. அதையே பின்பற்றியதும் சரியானது. முதல் அரிப்பு 25 நிமிடம். கழுவி, உலர்த்தி, எழுத்தோரங்களிலும் புள்ளியைச் சுற்றியும் மறுபடி வார்னிஷ். அதன்பின் 50 நிமிடம். புள்ளி 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ண, ஞ சுழிகளின் உள்வெளியைத் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மையில் அடைந்துவிடும்.

பிளேக்குக்கு நைட்ரிக் அமிலம். வீட்டுக்குள் அந்தப் புகை வேண்டவே வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டுக்கு விற்கிற ஃபெரிக் குளோரைடு போதும். 40% கரைசல் நாலு பங்குக்கு, ஒன்றுக்கு மூன்று தண்ணீரில் கரைத்த எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு பங்கு சேர்த்தால் வண்டல் படியாது. சேர்க்காவிட்டால் தகட்டைக் குப்புறப் போட வேண்டும். பிளாஸ்டிக் தட்டு மட்டும். எஃகு சிங்க்கில் ஒரு சொட்டும் கூடாது.

இவ்வளவு ஆழமில்லாத தகட்டில் மெத்தென்ற ரோலர் ஓட்டினால் பள்ளத்திலும் மை ஏறும். துணி சுற்றிய தட்டையான ஒற்றி தேவலை. அப்படியும் ஓரத்தில் ஏறுவதைத் துணியால் துடைத்துவிடலாம், பிளேக்கும் துடைத்தார். தாள் ஈரமாக, அழுத்தம் லேசாக.

அச்சின் மேல் பூச வேண்டிய வாட்டர்கலரை இன்னும் தொடவில்லை. அதற்குள் தகட்டின் பின்பக்கத்தின் மேல் கண் போய்விட்டது. பிளேக்கும் தன் பழைய தகடுகள் பலவற்றின் பின்பக்கத்தில்தான் 1794இன் பாட்டுகளை அரித்தார். செம்பு விற்கிற விலைக்கு வேறு வழியுமில்லை. அமிலம் படாமலிருக்கப் பின்பக்கத்தில் ஒட்டிய பேக்கிங் டேப்பின் பசை மட்டும் டர்பன்டைனுக்கும் அசையமாட்டேன் என்கிறது.