பேகாப்ஸ் ரானாவுக்குப் பெயர் மாறிய கதை

ட்ரைலோபைட் என்ற அழிந்துபோன கடலுயிர் வகையில் ஒன்றைப் பேகாப்ஸ் ரானா என்றுதான் நான் முதலில் படித்தேன். இன்றும் பல புதைபடிவப் படங்களுக்குக் கீழே அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் 1990-இல் வூல்ஃப்காங் ஸ்ட்ரூவே என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதைப் பேகாப்ஸிலிருந்து பிரித்து எல்ட்ரெட்ஜியாப்ஸ் என்ற புதுப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்துவிட்டார், எனவே சரியான பெயர் இப்போது எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானா. எனக்கு இந்தப் பெயர் மாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ட்ரைலோபைட்டுகள் கடலில் வாழ்ந்து, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முழுக்க அழிந்துபோன கணுக்காலிகள். இந்த ரானா அதற்கும் வெகு முன்னால், டெவோனியன் காலத்தின் நடுப்பகுதியில், இன்றைய ஒஹாயோ, நியூயார்க், பென்சில்வேனியா பக்கமெல்லாம் பரவியிருந்த கடலின் அடியில் ஊர்ந்து திரிந்தது. ஆபத்து வந்தால் மரவட்டை மாதிரி சுருண்டுகொள்ளும், சுருண்ட நிலையிலேயே கல்லானவை நிறையக் கிடைக்கின்றன. 1832-இல் ஜேக்கப் கிரீன் இதற்கு ரானா என்று பெயர் வைத்தார், லத்தீனில் தவளை. அந்த முட்டைக்கண் முகத்தைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

எல்லாமே அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. பேகாப்ஸ் என்ற பெயரிலுள்ள 'பேகோஸ்' என்பது கிரேக்கத்தில் மசூர் பருப்பு. அந்தப் பருப்பு வடிவத்தில், கால்சைட் என்ற கனிமத்தாலான லென்ஸ்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக நிற்கும். கனிமம் என்பதால் இத்தனை கோடி ஆண்டு கழித்தும் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் அதைத்தான் செய்தார். பழைய பாறைகளில் 18 வரிசை, பிந்தையவற்றில் 17. உள்நாட்டுக் கடல் பகுதியில் 18 வரிசை நெடுங்காலம் மாறாமலே இருந்து, கடல் வற்றித் திரும்பியபோது 17 வரிசைக்காரர்கள் திடீரென்று வந்து நிற்கிறார்கள். அந்த மாற்றம் கிழக்கு ஓரத்தில் ஒரு சிறு கூட்டத்தில் முன்பே நடந்து, அப்புறம்தான் பரவியது என்பது அவர் விளக்கம். ஒரே ஒரு வரிசைதான் குறைந்தது! பரிணாமம் நீண்ட அமைதியும் இடையிடையே வேகமான மாற்றமுமாக நடக்கிறது என்று 1972-இல் அவரும் ஸ்டீபன் ஜே கூல்டும் எழுதிய கட்டுரைக்கு இந்தச் சின்ன உயிர் முக்கியமான சான்றானது.

சரி, பேகாப்ஸ் என்னவானது? அது போய்விடவில்லை. 1839-இல் எம்ரிக் என்ற ஆய்வாளர் உருவாக்கிய அந்தப் பேரினத்தின் மாதிரி இனம் பேகாப்ஸ் லாடிஃப்ரான்ஸ், ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியோடு சேர்த்துப் பேசப்படுவது. பேரினம் யாரைச் சேர்த்துக்கொள்ளும் என்பதை அந்த மாதிரி இனத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அமெரிக்க ரானா தலை அமைப்பில் விலகி நிற்கிறது. பென்சில்வேனியா 1988-இல் ரானாவைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தபோது பழைய பெயரே சட்டத்தில் ஏறியது, இரண்டே வருடத்தில் வகைப்பாடு நகர்ந்துவிட்டது.

அந்தக் கண்களை உட்கார்ந்து எண்ணியவரின் பெயரையே அந்த உயிருக்கு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்குப் புதுப் பெயர் பிடிக்கிறது, பழைய பெயரைப் பார்த்தால் இப்போது மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்கிறேன்.