இடையில ஓட்டினீங்களா?

‘இடையில பிளாங்க் ஓட்டினீங்களா அக்கா?’ என்றுதான் கேட்டாள். நான் ‘ஓம்’ என்றேன். பிளாங்க் என்றால் புரதம் விடாமல் இயந்திரத்தைச் சும்மா ஓட்டும் வெற்று ஓட்டம். ஓட்டியிருந்தேன்தான், காலையில் ஒரு தடவை. ‘இடையில’ என்ற சொல் மட்டும் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

அப்பாவின் திவசத்துக்கு வந்து நின்ற கிழமை அது. திருகோணமலை, உவர்மலை வீட்டு விறாந்தையில் மடிக்கணினியோடு இருந்தேன். அவள் அடுத்த ஒழுங்கைப் பிள்ளை. வந்தாறுமூலைக் கம்பஸில் இரசாயனம் முடித்துவிட்டு உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறாள், மேற்படிப்புக்கு வெளிநாடு விண்ணப்பிக்கிறாள். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

புரதத்தைப் பாரநீரில் விட்டால் அதன் முதுகெலும்பில் உள்ள ஐதரசன்கள் போய் டியூட்டீரியம், அதாவது பாரமான ஐதரசன், வந்து குந்தும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஓர் அலகு திணிவு கூடும். தளர்ந்து கிடக்கும் பகுதி சில செக்கன்களில் மாறிவிடும், இறுக்கமாக மடிந்த பகுதி மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். குறித்த நேரத்தில் அமிலம் விட்டு பிஎச் 2.5க்கும் 0 பாகைக்கும் இறக்கி மாற்றத்தை முடக்குவோம். பிறகு பெப்சின் என்ற நொதியத்தால் வெட்டி, மாஸ் ஸ்பெக் என்ற திணிவு அளக்கும் இயந்திரத்தில் துண்டு துண்டாக நிறுப்போம். மருந்து ஒட்டிய பிறகு எந்தத் துண்டு பாரம் ஏறவில்லையோ, அங்கே வடிவம் மாறியிருக்கிறது என்போம். (மருந்து அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான் தெரியும். அதை எல்லோரும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வோம்.) 1950களில் கோப்பன்ஹேகனில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் இந்த மாற்றத்தை நீர்த்துளியின் அடர்த்தியை வைத்தே அளந்தார், அவ்வளவு கவனம் வேண்டும் என்றும் சொன்னேன். சொன்னது நான்தான்.

அப்புறம் என் பெருமைக்குரிய படத்தைத் திறந்தேன். ஒரு துண்டுக்கு ஒரு மேடு வரவேண்டிய இடத்தில் இரண்டு மேடு, இடது பக்கம் இலேசானது, வலது பக்கம் பாரமானது. புரதம் மடிந்த கூட்டம், விரிந்த கூட்டம் என்று இரண்டாக நிற்கிறது, விரிந்தது முழுதாக மாறிவிட்டுத்தான் மறுபடி மடிகிறது. இதை இஎக்ஸ்1 என்போம், அடிக்கடி கிடைக்காது. அறிக்கை முதல் நாள்தான் மேலிடத்துக்குப் போயிருந்தது.

அவள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இடது மேடு பத்து செக்கன்லயும் இதே இடம், நாலு மணித்தியாலத்திலயும் இதே இடம். மடிஞ்சிருந்தாலும் கொஞ்சமாவது பாரம் ஏறாதா அக்கா?’ அவளுடைய தகப்பன் கரைவலைக்காரர், ஒரு தடவை வலை வளைத்து இழுப்பதைப் பாடு என்பார்கள். ‘முதல் பாட்டில வலையில சிக்கிக் கிடந்த மீன் அடுத்த பாட்டோட வருமே, அப்படி ஏதும்…’ என்று இழுத்தாள். பிறகுதான் பிளாங்க் கேள்வி.

அவள் சொன்னது அச்சொட்டாகச் சரி. முந்திய ஓட்டத்துத் துண்டு குழாயில் ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் சாதாரண நீர் ஓட ஓட டியூட்டீரியம் எல்லாம் கழன்றுபோய், அடுத்த ஓட்டத்தில் இலேசாக வந்து இடது பக்கம் நிற்கும். இந்தப் பொய் மேடு பற்றி 2011இலேயே கட்டுரை வந்துவிட்டது. நானும் வாசித்திருக்கிறேன்.

பிறகேன் ‘ஓம்’? இயந்திர நேரத்துக்கு அங்கே அடிபிடி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் பிளாங்க் விட்டால் நாள் இரட்டிப்பாகும். அது நியாயமான காரணம்தான், ஆனால் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அம்மா தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்று, என் மகள் என்னவோ பெரிதாகச் செய்கிறாள் என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தா. அதுவும் ஒரு காரணம். அந்த இயந்திரத்தைக் கண்ணாலும் காணாதவள் கேட்கிறாளே என்பதுதான் முதல் காரணமோ என்று சில நாள் தோன்றும். சில நாள், இல்லை, அன்று திவச வேலையில் களைத்திருந்தேன் என்று தோன்றும்.

அவள் வாதாடவில்லை. ‘அப்ப சரி அக்கா’ என்று தேத்தண்ணியைக் குடித்தாள். அந்த ‘அப்ப சரி’யை இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நம்பித்தான் சொன்னாளா, மரியாதைக்கு விட்டாளா?

திரும்பிப் போனதும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் பிளாங்க் விட்டேன். இரட்டை மேடு காட்டியவை மூன்று துண்டுகள். இரண்டில் இடது மேடு காணாமல் போனது, அவளுக்குக் காட்டியதும் அதில் ஒன்று. மூன்றாவதில் நின்றது, சிறிதாக. ஆக, முழுப் பிழை இல்லை. இந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு எத்தனை இரவு எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். மேலிடத்துக்கு எழுதினேன். ‘சரி, திருத்தி அனுப்பு’ என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அங்கே அது பத்து நிமிட வேலையாக முடிந்தது. உவர்மலைக்கு எழுத வேண்டிய ஒரு வாட்ஸ்அப் மட்டும் எட்டு மாதமாக எழுதப்படவில்லை.

போன கிழமை அவளே கேட்டாள். நேர்முகத்துக்குப் பேச ஓர் உதாரணம் வேண்டுமாம், அந்தப் படத்தை அனுப்ப முடியுமா என்று. நான் மூன்றாவது துண்டின் படத்தை அனுப்பினேன். வேறு துண்டு என்று எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘இடது மேடு இப்ப மெல்ல அசையுது, என்ன அக்கா?’

‘ஓம்’ என்று எழுதினேன்.