கிரிக்கெட் பூச்சி வளர்ப்பு: ஈரம் முட்டைக் கிண்ணத்தோடு நிற்கட்டும்

லெப்பர்டு கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்கோ தவளைக்கோ தீனியாகக் கிரிக்கெட் பூச்சி வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் சூட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். 28 முதல் 32 டிகிரி போதும். சென்னைக் கோடையில் ஹீட்டரே வேண்டாம். பூச்சிகளைக் கூண்டோடு கொல்வது பெரும்பாலும் ஈரம்தான்.

50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் பாதியை வெட்டி ஸ்டீல் வலை ஒட்டுங்கள். நைலான் கொசுவலையைக் கடித்துத் துளைத்துவிடும். காகித முட்டை அட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கினால் எச்சம் கீழே உதிரும். தரையில் எதையும் பரப்ப வேண்டாம். தீனிக்கு, பொடித்த கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர் தீவனம். புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். கேரட் துண்டு போதும், மறுநாளே எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி அடித்தால் காற்றோட்டம் பற்றவில்லை. அந்த அறையில் கொசுவத்தியும் கூடாது, லிக்விடும் கூடாது.

முட்டையிட, 5 செ.மீ. ஆழக் கிண்ணத்தில் கோகோபீட் (தென்னை நார்த்தூள்). நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து நிரப்பி, மேலே கம்பி வலை போடுங்கள். பெண் பூச்சியின் பின்பக்க ஊசி வலைக்குள் இறங்கும். மற்றவை தோண்டி முட்டையைத் தின்ன முடியாது. ஓரத்தில் கிளறினால் குருணை அரிசிபோல வெளிறிய முட்டைகள் தெரியும். மூன்று நாளில் கிண்ணத்தை வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். 30 டிகிரியில் 10 முதல் 14 நாளில் பொரிக்கும். இடையில் கோகோபீட் ஒருமுறை காய்ந்தாலும் முட்டை போச்சு. குஞ்சு பெரிதாக 6 முதல் 8 வாரம் ஆகும்.

டப்பா சுத்தமாக இருந்தும் பூச்சிகள் மல்லாந்து காலை உதைத்துச் சாகின்றன என்றால் கிரிக்கெட்டைத் தாக்கும் டென்சோவைரஸைச் சந்தேகியுங்கள். 2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகளைக் காலிசெய்தது அதுதான். மருந்து கிடையாது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, டப்பாவை பிளீச்சில் கழுவி, அந்த வைரஸைத் தாங்கும் கிரில்லோடஸ் என்ற கிரிக்கெட் இனத்தோடு புதிதாகத் தொடங்குவதே என் யோசனை.

பல்லிக்குப் போடுமுன் இரண்டு நாள் பூச்சிகளுக்குக் கீரையும் கால்சியம் கூடிய தீவனமும் கொடுங்கள். கிரிக்கெட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு. அப்படியே போட்டால் பல்லிக்கு எலும்பு வளையும். கவரில் கால்சியம் பவுடரோடு குலுக்கி உடனே போடுங்கள். சில மணி நேரத்தில் பூச்சி பவுடரைத் துடைத்துவிடும். பல்லியின் இரு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். மிஞ்சியதை விட்டுவைக்காமல் பிடித்துவிடுங்கள், தூங்கும் பல்லியையே கடிக்கும். பிடிபடாமல் ஒளிந்தவற்றுக்காக ஒரு கேரட் துண்டு போட்டுவையுங்கள்.